நாலு பேரும் ஒரு பேரிங்கும்

தலைவாசல் போகிற ரோட்டில் வையாபுரியின் சேகோ மில் இருந்தது. குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து ஜவ்வரிசி ஆக்குகிற மில். அங்கே மெஷின் வேலைக்கென்று நாலு பேர். மூத்தவன் அங்கமுத்து, அவன்தான் மிஸ்திரி. எழுதப் படிக்கத் தெரிந்தவன் குழந்தைசாமி. சொல்லி முடிக்கும் முன்னே ஓடுகிறவன் பச்சையப்பன். எதைப் பார்த்தாலும் மனம் இளகிவிடுகிறவன் ஓமலிங்கம். நாலு பேரும் நல்லவர்கள், சூதுவாது தெரியாதவர்கள். மற்றதும் தெரியாது.

அவர்களுக்கு முன்னால் அந்த மில்லில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் பார்த்தவன் நான். ஓர் ஆயுத பூசையன்று எல்லாருக்கும் ஒரு மூடித் தேங்காய் கொடுத்த வையாபுரி, எனக்கு மட்டும் ஒரு சில்லு கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்கு வெளியே வந்தவன்தான். அதன்பிறகு மில்லுக்கு எதிரே நல்லாயியின் டீக்கடை பெஞ்சில் தினமும் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மட்டும் போகவில்லை. அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி நல்லாயி டீ கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னது.

ஒரு வியாழக்கிழமை காலையில் அரவை மெஷின் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. மெஷினுக்குள் ஓர் உருளை. உருளைக்கு நடுவே ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு. ஷாஃப்ட் சுற்றுவதற்கு முனையில் ஒரு பேரிங், உள்ளே உருண்டைகள் ஓடுகிற இரும்பு வளையம். அந்தப் பேரிங்தான் இறுகிப் போயிருந்தது.

களத்தில் எட்டு லோடு கிழங்கு குவிந்து கிடந்தது. குச்சிக்கிழங்கு தோண்டி மூன்றாம் நாள் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த கிழங்கில் பால் கறுப்பாக வரும், கறுப்பு ஜவ்வரிசியை யாரும் வாங்க மாட்டார்கள். புதன்கிழமை தோண்டிய கிழங்கு அது. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அரவை ஆரம்பிக்காவிட்டால் எட்டு லோடும் குப்பை. வையாபுரிக்கு அந்த வருஷத்து லாபமே அதில்தான்.

ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். உட்காரச் சொல்வேன் என்று பார்த்தார். நான் சொல்லவில்லை.

"கனகசபை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. வந்து ஒரு கை பாத்துட்டுப் போ."

"ஒரு கை என்னங்க, ஒரு விரல்கூட உள்ள வராது. எப்படிச் செய்யறதுன்னு வேணும்னா சொல்றேன். உங்க ஆளுங்க செய்யட்டும்."

வையாபுரி மில்லைத் திரும்பிப் பார்த்தார். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. போன மாசம் மோட்டார் சூடாகிறது என்று நாலு பேரும் சொந்தமாக யோசித்து, அதற்கு ஈரச் சாக்கைப் போர்த்தி, தலையில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். அதனால் நாலு பேரையும் டீக்கடைக்கு வரவழைத்து, விரலை நீட்டிச் சொன்னார்:

"கனகசபை சொல்றதுல ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யாரும் யோசிக்கக் கூடாது. தெரியுதா?"

"யோசிக்க மாட்டோமுங்க," என்றான் அங்கமுத்து. அதை மட்டும் கடைசிவரை காப்பாற்றினான்.

நான் சொல்லச் சொல்லக் குழந்தைசாமி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். நான் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

முதல் வரி இது: மெஷினில் கை வைக்கும் முன்பு சுவிட்சை அணைத்து, அந்தச் சுவிட்சுப் பெட்டிக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட வேண்டும். வேலை முடிகிறவரை சாவியை எந்த மனுசனிடமும் கொடுக்கக் கூடாது. வேலை செய்கிறவனைத் தவிர வேறு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஒருவன் உள்ளே கையை விட்டிருக்கும்போது இன்னொருவன் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் கை போய்விடும். அதற்காகத்தான்.

ஆளுக்கொரு பூட்டுக்கு எங்கே போவது? அங்கமுத்து வீட்டுக் கதவுப் பூட்டைக் கொண்டுவந்தான். குழந்தைசாமி சைக்கிள் பூட்டு. ஓமலிங்கம் மாமியார் வீட்டுப் பெட்டிப் பூட்டு. பச்சையப்பன் ஓடிப்போய் மில் கேட்டில் தொங்கிய பூட்டையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஐந்தே நிமிஷத்தில் திறந்த கேட் வழியாக இரண்டு எருமைகள் கிழங்கைத் தேடி உள்ளே வந்தன. பூட்டைத் திருப்பிக் கேட்டார் வையாபுரி.

"வேலை முடியற வரைக்கும் சாவி தர முடியாதுங்க," என்றான் பச்சையப்பன் வருத்தத்தோடு.

சனிக்கிழமை வரை அந்த மில்லுக்குக் கேட் வையாபுரிதான். கையில் ஒரு குச்சியோடு நின்று எருமைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வரி, பழைய பேரிங்கைக் கழற்றுவது. பேரிங்கைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்தேன். அரை மணி நேரம் நாலு பேரும் பேரிங்கைச் சுற்றி நின்றார்கள்.

"சுத்தியலால பேரிங்கை அடிக்கக் கூடாது," என்று மறுபடி படித்தான் குழந்தைசாமி. "பேரிங்கால சுத்தியலை அடிக்கக் கூடாதுன்னு எழுதலை."

"அதானே!" என்றான் பச்சையப்பன்.

"சுத்தியலுக்கு வலிக்காதா?" என்றான் ஓமலிங்கம்.

"அது அடிச்சே பழகினது. ஒரு நாளு வாங்கிப் பாக்கட்டும்," என்று அங்கமுத்து தீர்ப்புச் சொன்னான்.

ஷாஃப்ட்டோடு உருளையைச் செயினில் கட்டி, மேலே உத்தரத்தில் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி பின்னுக்கு இழுத்துப் பிடித்தார்கள். எதிரே ஒரு மேசையில் சுத்தியலை நட்டமாக இறுக்கி வைத்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விட்டார்கள். பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சுத்தியலின் தலை மட்டும் கழன்று, கூரையின் ஓட்டை வழியாக வெளியேறி, ரோட்டைத் தாண்டி, நல்லாயியின் பஜ்ஜி மாவுக்குள் வந்து தொப்பென்று விழுந்தது.

நல்லாயி மாவுக்குள் கையை விட்டு அதை எடுத்தாள்.

"இது யாருதுப்பா?" என்றாள் என்னிடம்.

"வெங்காயம் இல்லை," என்றேன். "எதிர மில்லுக்குக் கொண்டு போய்க் குடு."

கொண்டுபோய்க் கொடுத்தாள். "புல்லர் போட்டு எடுங்கடா" என்று நான் சொல்லி அனுப்பியதையும் சொன்னாள். புல்லர் என்பது மூன்று கால் உள்ள ஒரு கருவி. கால்களைப் பேரிங்குக்குப் பின்னால் மாட்டி, நடுவில் இருக்கிற திருகை முடுக்கினால் பேரிங் தானாக வெளியே வரும். அந்தப் புல்லர் என்னுடையது. நான் மில்லைவிட்டு வந்த அன்று அங்கேயே தங்கிவிட்டது. இதுவரை யாரும் கொண்டுவந்து தரவில்லை. அது போகட்டும்.

புல்லரைப் பற்றி நான் சொன்ன வரி: ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கோணினால் ஷாஃப்ட் கெட்டுவிடும்.

அவர்கள் புல்லரைச் சரியாகத்தான் மாட்டினார்கள். பிறகு அதில் இரண்டு கயிறு கட்டினார்கள். அங்கமுத்துவும் பச்சையப்பனும் ஒரு கயிற்றைப் பிடித்துக் கிழக்கே இழுத்தார்கள். குழந்தைசாமியும் ஓமலிங்கமும் மற்றதைப் பிடித்து மேற்கே இழுத்தார்கள். ஒரே சீராகத்தான் இழுத்தார்கள். ஒரு மணி நேரம் இழுத்தும் இரண்டு பக்கமும் தோற்கவில்லை. நடுவில் ஒருமுறை ஓமலிங்கத்துக்குத் தும்மல் வந்தது. கிழக்குக் கோஷ்டி ரொம்ப நாணயமாக, அவன் தும்மி முடிக்கும்வரை இழுக்காமல் காத்திருந்தது.

டீ கொண்டு போன நல்லாயி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏப்பா, நடுவுல ஒரு திருகு நீட்டிக்கிட்டிருக்குதே, அதைத் திருகினா என்ன?"

"திருகச் சொல்லி எழுதலையே அக்கா," என்றான் குழந்தைசாமி, தாளைத் திருப்பிக் காட்டி.

அது என் குற்றம் என்று வையாபுரி பிறகு எல்லாரிடமும் சொன்னார். புல்லரைத் திருக வேண்டும் என்பதைக்கூடவா ஒரு மனுசன் சொல்ல வேண்டும்? பரவாயில்லை, கேட்டில் நின்ற வையாபுரி வழியாகச் சொல்லி அனுப்பினேன். கால் சுற்று திருகு, கொஞ்சம் பொறு. மறுபடி கால் சுற்று, மறுபடி கொஞ்சம் பொறு. அவசரப்படாதே.

இப்போது "கொஞ்சம்" என்பது எவ்வளவு நேரம் என்று பஞ்சாயத்து.

"ஒரு பீடி நேரம்," என்றான் பச்சையப்பன்.

"உன் பீடி சின்னது. என் பீடி பெரிசு. யார் பீடிய வச்சுக்கறது?" என்றான் அங்கமுத்து.

"ஒரு டீ நேரம்னா எல்லாருக்கும் ஒரே கிளாசு," என்றான் குழந்தைசாமி.

அது நியாயமாக இருந்தது. கால் சுற்று, நாலு டீ. கால் சுற்று, நாலு டீ. சாயங்காலத்துக்குள் நல்லாயியிடம் பால் தீர்ந்துவிட்டது. கறுப்பு டீயில் நாலு கால் சுற்று. கடைசியில் வெந்நீரில் இரண்டு. பொழுது சாயும்போது பேரிங் டக்கென்று தானாகக் கழன்று வந்தது. நாலு பேருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை. வேலிப் பக்கம் வரிசையாகப் போய் நின்றிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை புதுப் பேரிங் வந்தது. எண்ணெய்த் தாள் சுற்றி, அட்டைப் பெட்டியில். அதற்கு நான் சொன்னது இரண்டு வரி. பேரிங்கில் தூசி படக் கூடாது, மில்லிலேயே சுத்தமான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். கடைசி நிமிஷம் வரை தாளைப் பிரிக்கக் கூடாது.

மில்லிலேயே சுத்தமான இடம் எது? நாலு பேரும் ஒவ்வோர் இடமாகப் போய் விரலால் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் மில்லுக்குள்ளேயே இருந்த முதலாளி வீட்டுப் பூசை அறைதான் என்று முடிவானது. வையாபுரியின் சம்சாரம் பழனியம்மாள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். சாமிக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று வந்து உட்கார்ந்ததும், அது என்ன ஏது என்று கேட்கவில்லை. புதுப் பொருளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினார், கற்பூரம் காட்டினார். நல்லவேளை, தாள் பிரிக்காமல் இருந்தது. நான் சொன்ன வரிதான் அந்தப் பேரிங்கைக் காப்பாற்றியது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூராவும் நாலு பேரும் பூசை அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வையாபுரி எருமைகளை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏண்டா உக்காந்திருக்கீங்க?"

"கடைசி நிமிசத்துலதாங்க தாளைப் பிரிக்கணும்," என்றான் அங்கமுத்து.

"பிரிக்க வேண்டியதுதானே?"

"நீங்க சனிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ளன்னு சொன்னீங்க. அப்போ கடைசி நிமிசம் பதினொண்ணு அம்பத்தொம்பதுங்க. இன்னும் ஒரு நாளுக்கு மேல கெடக்குது."

வையாபுரி கெஞ்சினார், திட்டினார். நாலு பேரும் யோசிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்கள், அசையவில்லை. சனிக்கிழமை விடிந்தது. களத்தில் ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்தார் வையாபுரி. உள்ளே நூல் மாதிரி ஒரு நீலக்கோடு ஓட ஆரம்பித்திருந்தது. நேராக வீட்டுக்குள் போய், நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிப் பதினொன்று ஐம்பத்தொன்பதில் வைத்தார். அப்போது உண்மையான மணி ஏழு.

"அய்யய்யோ, கடைசி நிமிசம்!" என்று கத்தினான் பச்சையப்பன். தாளைக் கிழித்தார்கள். உடனே நாலு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இப்ப என்னடா?"

"இன்னும் ஒரு நிமிசம்தானுங்க இருக்குது. அதுக்குள்ள எப்படிங்க எல்லாத்தையும் மாட்டறது?" என்று ஓமலிங்கம் அழுதான்.

வையாபுரி மறுபடி நாற்காலியில் ஏறி முள்ளை ஏழுக்கே திருப்பினார். "இந்தாங்கடா, அஞ்சு மணி நேரம்!" என்றார். நாலு பேரும் எழுந்து அவரைக் கும்பிட்டார்கள். இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைக்கும் என்று ஓமலிங்கம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த வரி, சூடு பண்ணுவது. பேரிங்கைச் சூடான எண்ணெயில் போட்டால் கொஞ்சம் விரியும். விரிந்திருக்கும்போது ஷாஃப்ட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஆறினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அடிக்கவே தேவையில்லை. சட்டியின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும். எண்ணெய் புகையக் கூடாது, ஒரு சொட்டு பஜ்ஜி மாவு விட்டால் மெல்ல நுரைக்கிற சூடு போதும் என்று சொன்னேன்.

நல்லாயியின் இரும்புச் சட்டி மில்லுக்குள் போனது. கூடவே மாவும், வாழைக்காயும், நல்லாயியும்.

பேரிங்கைத் தொங்கவிட்டார்கள். சூடு பார்க்க முதல் பஜ்ஜியைப் போட்டார்கள். மெல்ல நுரைத்தது. சரியாக இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொன்று. அதுவும் சரி. ஆனால் அந்தச் சூட்டில் பஜ்ஜி வேகவில்லை.

"உள்ள மாவாவே இருக்குதுண்ணா," என்றான் பச்சையப்பன் கடித்துப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம் தீயைத் தள்ளு," என்றான் அங்கமுத்து.

"தள்ளக் கூடாது. பேரிங் கெட்டுடும்," என்றான் குழந்தைசாமி தாளைத் தட்டி.

"பஜ்ஜி கெடுதே!" என்றான் ஓமலிங்கம்.

நாலு பேரும் வேகாத பஜ்ஜியை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்தார்கள். அதற்குள் பேரிங் பக்குவத்துக்கு வந்துவிட்டது. கம்பியோடு வெளியே எடுத்தார்கள். எடுத்துவிட்டு, நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டுங்கப்பா," என்றாள் நல்லாயி.

குழந்தைசாமி படித்தான்: "சூடான பேரிங்கை வெறுங்கையால் தொடக் கூடாது."

ஆறும்வரை காத்திருந்தார்கள். ஆறியதும் தைரியமாகத் தொட்டு ஷாஃப்ட்டில் வைத்தார்கள். நுழையவில்லை. மறுபடி சூடு பண்ணினார்கள். மறுபடி காத்திருந்தார்கள். மறுபடி நுழையவில்லை. மணி ஒன்பது ஆகிவிட்டது.

"நுழையற நேரத்துல தொடக் கூடாது. தொடற நேரத்துல நுழையாது," என்றான் அங்கமுத்து, பெருமூச்சு விட்டு. "கனகசபை அண்ணன் இதை எப்படித்தான் இருபத்திரண்டு வருசம் செஞ்சாரோ."

"பேரிங்கை மட்டும் சூடு பண்ணினா ஷாஃப்ட்டுக்கு மனசு கோணாதா? அதையும் சேத்துச் சூடு பண்ணிப் பாப்போம்," என்றான் ஓமலிங்கம்.

அதையும் செய்தார்கள். ஷாஃப்ட்டும் விரிந்து கொழுத்தது. முன்னால் வாசல்வரையாவது வந்த பேரிங், இப்போது கிட்டேயே வரவில்லை.

நல்லாயிக்குப் பொறுமை போய்விட்டது. ஷாஃப்ட்டில் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிர வைத்தாள். பேரிங்கை மறுபடி எண்ணெயில் போட்டாள். எடுத்ததும், டீச் சட்டி இறக்குகிற இரண்டு கரித்துணியை மடித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பேரிங்கைத் தூக்கி ஷாஃப்ட்டில் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். பணியாரக் குழியில் மாவு போகிற மாதிரி அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"அக்கா, வெறுங்கையால தொடக் கூடாதுன்னு..."

"இது வெறுங்கையா?" என்று கரித்துணியை முகத்துக்கு நேரே ஆட்டினாள். குழந்தைசாமி தாளைப் பார்த்தான், துணியைப் பார்த்தான்.

கிரீஸ் போட மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லியிருந்தேன். பேரிங்குக்குள் இருக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் அடைக்க வேண்டும், அதிகமானால் சூடாகும். அவர்கள் உள்ளே இருந்த உருண்டைகளை எண்ணினார்கள். பதினொன்று. பதினொன்றை மூன்றாகப் பங்கு பிரிக்க முடியவில்லை. மூன்று உருண்டைக்குப் போட்டால் கொஞ்சம் குறைகிறது, நாலுக்குப் போட்டால் கொஞ்சம் கூடுகிறது. ரெண்டு உருண்டையைக் கழற்றிவிட்டால் கணக்குச் சரியாகும் என்று பச்சையப்பன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். பதினோரு மணி ஆகிக்கொண்டிருந்தது. வையாபுரி கேட்டை எருமைகளிடமே விட்டுவிட்டு வந்து, டப்பாவிலிருந்து ஒரு கை கிரீஸ் அள்ளி அப்பிவிட்டு, பச்சையப்பனின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

உருளையைத் தூக்கி மெஷினில் உட்காரவைத்தார்கள். மூடி போட்டார்கள். போல்ட்டு முடுக்கினார்கள். அதெல்லாம் நன்றாகவே செய்வார்கள், எழுதிக் கொடுக்காத வேலை என்றால்.

"சுவிட்சைத் தொறங்கடா," என்றார் வையாபுரி.

"வேலை முடிஞ்சாத்தானுங்க சாவி," என்றான் அங்கமுத்து.

"முடிஞ்சிருச்சில்ல?"

"ஓட்டிப் பாத்தாத்தானுங்க முடிஞ்சுதா இல்லையான்னு தெரியும்."

"சரி, ஓட்டு."

"ஓட்டணும்னா பூட்டைத் தொறக்கணும்."

"தொற!"

"வேலை முடியலையேங்க."

வையாபுரி கிழங்குக் குவியலைப் பார்த்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். முதலாளி உட்கார்ந்ததைப் பார்க்க ஓமலிங்கத்துக்குத் தாங்கவில்லை. மற்ற மூவரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். குசுகுசுவென்று பேசினார்கள். சாவியை எந்த மனுசனிடமும் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே? மில் மூலையில் ஒரு பிள்ளையார் இருந்தார். நாலு பேரும் வரிசையாகப் போய், நாலு சாவியையும் அவர் காலடியில் வைத்து, தோப்புக்கரணம் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். பிள்ளையாரிடம் இருந்ததை வையாபுரி எடுத்தால் அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள விஷயம்.

பூட்டுகள் திறந்தன. பதினொன்றே கால். கடைசி வரியைப் படித்தான் குழந்தைசாமி: "மெஷின் ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்று காது கொடுக்க வேண்டும். சத்தம் காதில் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். காதில் விழுகிறவரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்."

நான் சொன்னது பேரிங் கரகரவென்று அரைபடுகிற சத்தத்தை. எந்த மெஷின்காரனைக் கேட்டாலும் தெரியும்.

அங்கமுத்து சுவிட்சைப் போட்டான். அரவை மெஷின் குடகுடவென்று அருமையாக ஓடியது. ரோட்டில் இருந்த எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் நினைப்பதற்குள் நின்றுவிட்டது.

"ஏண்டா நிறுத்தின?"

"சத்தம் வந்துதுங்க."

மறுபடி போட்டான். சத்தம் வந்தது. நிறுத்தினான். இப்படிப் பதினாலு தடவை. ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்றதும் நாலு பேரும் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார்கள்.

"நிறுத்தி வச்சா சுத்தமா சத்தமே இல்லைங்க. பேரிங் நல்லா உக்காந்திருக்குது," என்றான் குழந்தைசாமி மகிழ்ச்சியோடு.

"நிறுத்தி வச்சா கிழங்கு எப்படிடா அரையும்?"

"அதுக்கு ஒண்ணும் எழுதலைங்க."

மணி பதினொன்று ஐம்பது. வையாபுரி பூசை அறைக்கு ஓடினார். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை ஒரு பொதியாக அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். எட்டுக் காதையும் தன் கையாலேயே அடைத்தார். ஒவ்வொரு காதிலும் கட்டைவிரல் மறைகிற அளவுக்கு.

அங்கமுத்து சுவிட்சைப் போட்டான். நாலு பேரும் தலையைச் சாய்த்தார்கள். காத்திருந்தார்கள். மெல்ல நாலு முகமும் மலர்ந்தன. ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அவர்கள் வேலை செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கூடை கூடையாகக் கிழங்கு போனது. பன்னிரண்டு அடிக்கும்போது தொட்டியில் பால் விழ ஆரம்பித்தது. மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைப் பால். வையாபுரி அதில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு நாலு லோடு போயிற்று. ஐந்து மணிக்குள் எட்டு லோடும் போய், களம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு கிழங்குகூடக் கறுக்கவில்லை.

"போதும், நிறுத்துங்கடா!" என்று கத்தினார் வையாபுரி.

ஓமலிங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தான். பச்சையப்பன் களத்தில் கிழங்கு இல்லை என்று கண்டதும், கிழங்கு சுமந்த மூங்கில் கூடையை எடுத்து உள்ளே போட்டான். அது அரைந்தது. அடுத்த கூடை. பிறகு சாக்கு. தொட்டியில் விழுந்த பாலின் நிறம் கொஞ்சம் மாறியது.

"நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா!"

கை ஆட்டினார். நாலு பேரும் பதிலுக்குக் கை ஆட்டினார்கள். பஞ்சைப் பிடுங்கப் போனார். முதலாளி சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க வருகிறார் என்று நினைத்து அங்கமுத்து அவரைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டான். சுவிட்சுப் பக்கம் ஓடினார். வேலை செய்கிறவனைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று ஓமலிங்கம் இரண்டு கையையும் விரித்து, மரியாதையாக, குறுக்கே நின்றுகொண்டான்.

வையாபுரி ரோட்டுக்கு ஓடிவந்தார். நல்லாயியின் கடையிலிருந்து ஒரு பலகையும் கரித்துண்டும் வாங்கினார். என்னைப் பார்த்தார். நான் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். பலகையில் பெரிய எழுத்தில் "மெஷினை நிறுத்து" என்று எழுதிக்கொண்டு திரும்ப ஓடி, நாலு பேருக்கும் முன்னால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

நாலு பேரும் கூடி நின்று படித்தார்கள். குழந்தைசாமி காலண்டர் தாளை எடுத்து, அந்தக் கடைசி வரியை ஒருமுறை சரிபார்த்தான். பிறகு வையாபுரியின் கையிலிருந்து கரித்துண்டைப் பணிவாக வாங்கி, பலகையின் அடியில் நிதானமாக எழுதினான்:

"காதில் விழுந்தால்தான் நிறுத்த வேண்டும் முதலாளி. இது கண்ணில் விழுந்திருக்கிறது."

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பலகையை வாங்கி, மெஷினுக்குள் போட்டான்.